பல் டாக்டருக்கு மட்டும் தாங்கள்

ஸ்கெல்பி துறைமுகத்தில் படகு வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது 'கோணப் பாய்மரம்' பியர்க்கடை. வாசல் பலகையில் வரைந்திருக்கும் பாய்மரம் உண்மையிலேயே கோணல்தான். வரைந்தவன் குடித்திருந்தானா, பலகையை ஆணி அடித்தவன் குடித்திருந்தானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. உள்ளே நாலைந்து மேசை, அவ்வளவுதான். இத்தனை சின்னக் கடையில் புகைக்கத் தடையில்லை என்பதால் கூரை பழைய தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர்கள் பாட வேண்டும். பாட்டு கேட்டால் ஆள் இருக்கிறது, கேட்காவிட்டால் கதவைத் திறக்கலாம். தாழ்ப்பாள் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால், கடைக்காரி குட்ரூன் அவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள்.

நவம்பர் மாதத்து சனிக்கிழமை மதியம். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. பிரேபன் தொப்பியைக் கழற்றி உதறிக்கொண்டே உள்ளே வந்தார். ஊரின் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தீவில் அவர் கைவிட்டுப் பார்க்காத வாய் இல்லை. ஆனால் இந்தக் கடையில் அவருக்கு ஒரு குறை இருந்தது. அந்தக் குறைக்கு இன்றைக்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்றுதான் வந்திருந்தார்.

"தாங்கள் ரொம்ப நனைஞ்சிருக்கீங்க," என்றாள் குட்ரூன். "தரையில சொட்டாம எழுந்தருளுங்க."

குறை இதுதான். இந்த 'தாங்கள்'.

இந்த நாட்டில் 'நீங்கள்' செத்து, புதைத்து, புல் முளைத்து வெகுகாலமாகிறது. மந்திரியும் நீ, நீதிபதியும் நீ, பாதிரியாரும் நீ. மூக்கு ஒழுகும் பொடிசுகூடத் தலைமையாசிரியையைப் பார்த்து "நீ என் தொப்பியைப் பாத்தியா?" என்று கேட்கும், அவளும் தேடிக் கொடுப்பாள். மிச்சம் மீதி இருந்த மரியாதையெல்லாம் அரண்மனைக்குப் போய்விட்டது. அரண்மனையைத் தவிர ஒரே ஓர் இடத்துக்கு இன்னும் போகிறது. அது கோணப் பாய்மரத்தின் ஜன்னலோர மேசையில் உட்காரும் பல் டாக்டர் பிரேபனுக்கு.

அவரே தேடிக்கொண்ட வினைதான். அவருடைய அம்மா தலைநகரத்தில் பழைய பெரிய மனிதர்கள் குடியிருந்த தெருவைச் சேர்ந்தவள். வீட்டுக்கு வரும் தபால்காரனையும் தாங்கள் என்பாள், கோபம் வந்தால் பூனையையும் தாங்கள் என்பாள். அந்த வளர்ப்போடு, புதுசாக வேலைக்கு வந்த இளம் டாக்டர் படகிலிருந்து இறங்கி, நேராக இந்தக் கடைக்குள் நுழைந்து, தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குட்ரூனிடம் கேட்டார்: "அம்மணி, தாங்கள் தயவுகூர்ந்து எனக்கு ஒரு பியர் தர இயலுமா?"

மேசையில் உருண்டுகொண்டிருந்த பகடை நின்றது. படகில் கயிறு கட்டும் வேலையில் இருந்த கார்லோவின் வாயிலிருந்து சிகரெட் நழுவி அவனுடைய பியருக்குள்ளேயே விழுந்தது. குட்ரூன் தன் முதுகுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. உடனே ஏப்ரனை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, முழங்காலை மடக்கி, "தாங்கள் எங்கே அமரச் சித்தம்?" என்றாள்.

கடை அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஒருவனுக்கு விக்கல் பிடித்து மறுநாள் வரை நிற்கவில்லை. சிரிப்பு அடங்கிவிட்டது. தாங்கள் மட்டும் அடங்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கடைக்குள் மற்ற எல்லாரும் ஒருவருக்கொருவர் நீதான், டேய்தான், வாய்க்கு வந்ததுதான். பிரேபன் மட்டும் தாங்கள். கதைக்கும் கடைச் சட்டம்தான். அதனால்தான் இங்கே குட்ரூன் 'அவள்', கார்லோ 'அவன்', பிரேபன் 'அவர்'.

விடுவித்துக்கொள்ள அவர் பண்ணாத தந்திரம் இல்லை. முதல் வருஷம் கெட்ட வார்த்தை பேசிப் பார்த்தார். "தாங்கள் எவ்வளவு அழகாத் திட்டுறீங்க," என்றார்கள். பகடை கற்றுக்கொண்டார். இரண்டு பகடையைத் தோல் குவளைக்குள் குலுக்கிக் கவிழ்த்து, தான் மட்டும் எட்டிப் பார்த்து, பக்கத்து ஆளிடம் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லித் தள்ளிவிட வேண்டும். நம்பினால் வாங்கிக்கொள்ளலாம், நம்பாவிட்டால் குவளையைத் தூக்கலாம். பொய் சொல்லத் தெரிந்தால் போதும். "வலிக்காது, வலிக்காது" என்று ஊர் முழுக்க வாய்விட்டுப் பொய் சொன்ன மனிதருக்குப் பகடையில் பொய் வரவேயில்லை. காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை கார்லோவின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது, கருவியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப நீன்னு சொல்லு, இல்லாட்டி இப்படியே விட்டுட்டு சாப்பிடப் போயிடுவேன்," என்று மிரட்டியே பார்த்தார். வாய் நிறையப் பஞ்சோடு கார்லோ, "ஆங்ஹள் ஓய் ஆப்பிடுங்ஹ," என்றான்.

இங்கெர் இருந்தவரை இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லிச் சிரிக்கலாம். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவள் போய்விட்டாள். சவ அடக்கத்துக்குக் கடை மொத்தமும் வந்திருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் கை தெரியாமல் நின்ற கார்லோ, மறுநாள் ஒரு வாளி பட்டாணிக் கஞ்சியும் பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் வைத்துவிட்டு, "தாங்கள் சாப்பிடணும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குக்கூடத் தாங்கள். பிரேபனுக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தக் கஞ்சியை அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

இப்போது ஓடென்ஸேயில் இருக்கும் மகள் சிசல் தினமும் போன் செய்கிறாள். வீட்டைப் பார்க்க ஒரு ஜோடி வந்து போயிருக்கிறது. கோடைக்கு மட்டும் வந்து தங்குவார்களாம், சமையலறையை இடித்துப் பெரிதாக்குவார்களாம். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். "அங்க உனக்கு யாருப்பா இருக்காங்க?" என்று மகள் கேட்டாள். கடையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நீ என்று கூப்பிடாதவர்களை நம்மவர்கள் என்று எப்படிச் சொல்வது? வந்தேறி என்று கண்ணுக்கு நேரே எழுதி ஒட்டியிருப்பதைப்போலத்தானே அந்தச் சொல்?

அதனால் பள்ளிக்கூடப் பையன் பூவிதழைப் பிய்த்துப் பார்ப்பதுபோல அவர் தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டார். இன்றைக்கு இவர்களில் ஒருவர் வாயிலிருந்து ஒரே ஒரு நீ வந்தால் வீட்டை விற்பதில்லை. வராவிட்டால் திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடுவது. வயதுக்கேற்ற யோசனை இல்லை என்று அவருக்கே தெரியும்.

மேசையில் கார்லோவும் யால்மரும் உட்கார்ந்திருந்தார்கள். யால்மர் உருளைக்கிழங்கு போடுகிறவன். மழை பெய்தாலும் திட்டுவான், பெய்யாவிட்டாலும் திட்டுவான், அளவாகப் பெய்தால் சந்தேகப்படுவான். குட்ரூன் கறுப்பு ரொட்டியில் ஊறுகாய் மீன் வைத்த தட்டைக் கொண்டுவந்து, "டேய் கார்லோ, முழங்கைய எடுடா, மீன் மேல வைக்காத," என்று அதட்டிவிட்டு, அதே மூச்சில், "தாங்கள் இதச் சாப்பிடுங்க," என்று பிரேபனுக்கு நேராகத் தள்ளினாள். முதல் சுற்றுப் பகடையில் பிரேபனின் காது சிவந்தது. தோற்றார். இரண்டாவது சுற்றிலும் தோற்றார். மூன்றாவது சுற்றில் யால்மர் குவளையைத் தூக்காமலேயே சிரித்தான். நீ வரவில்லை.

அப்போது கதவு திறந்து ஒரு சைக்கிள்காரன் வந்தான். கெண்டைக்கால் வரை ஒட்டிக்கொண்ட பளபளப்புக் கால்சட்டை, தலையில் பூஞ்சைக்காளான் மாதிரி ஒரு கவசம். தீவைச் சுற்றிவர வந்தவன், மழையில் மாட்டிக்கொண்டான். ஸ்கெல்பியில் அவன் வாழ்ந்த காலம் மொத்தம் இரண்டு மணி நேரம் இருக்கும்.

"வாடா தம்பி," என்றாள் குட்ரூன். "நீ நனைஞ்ச கோழியாட்டம் நிக்கிற. உக்காரு. நீ பியர் குடிப்பியா, காப்பி குடிப்பியா?"

நீ. ஒரே மூச்சில் இரண்டு தடவை. பிரேபன் கடித்த மீனைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். அவன் பையிலிருந்து எதையோ எடுத்துத் தலை துவட்டுவதையும், கார்லோ அவனுக்குக் கழிப்பறைப் பாட்டுச் சட்டத்தை விளக்குவதையும், "உனக்குக் குரல் எப்படிடா?" என்று கேட்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமையில் அவருக்கு வயிறு எரிந்தது. அறுபது தாண்டிய மனிதர், ஒரு பளபளப்புக் கால்சட்டையைப் பார்த்து வயிறெரிந்தார். கேட்டால் சிரிப்பீர்கள், அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான் வீட்டை விக்கப்போறேன்," என்றார் பட்டென்று.

கார்லோ குலுக்கிக்கொண்டிருந்த குவளை நின்றது. யால்மர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தான், திட்டவில்லை. மகளோடு ஓடென்ஸேயில் இருக்கப்போவதாகவும், வீட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டதாகவும், திங்கட்கிழமை பேசி முடிப்பதாகவும் பிரேபன் வேக வேகமாகச் சொன்னார். சொல்லிவிட்டு யாராவது தடுப்பார்கள் என்று காத்திருந்தார்.

குட்ரூன் ஈரமே இல்லாத ஒரு டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்படியா," என்றாள். "நல்லதுதான். நீ எப்பக் கிளம்புற?"

பிரேபனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. வந்துவிட்டது. கால் நூற்றாண்டு கெஞ்சியும் மிரட்டியும் வராதது, டம்ளர் துடைக்கும் துணியோடு சேர்ந்து வந்துவிட்டது.

"ஆமா," என்றான் கார்லோ, மேசையைப் பார்த்துக்கொண்டே. "உனக்கும் அங்க வசதியா இருக்கும். ஆஸ்பத்திரி பக்கம்."

"உன் வீட்டுக்கு நல்ல விலை வரும்," என்றான் யால்மர்.

எல்லாரும் நீ என்றுவிட்டார்கள். ஆகவே கதையும் இனி 'அவன்' என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரேபன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவனுக்கு வாயெல்லாம் கசந்தது. ஏனென்றால் அவர்கள் இப்போது அன்பாகப் பேசினார்கள். மூட்டை கட்டும்போது உதவிக்கு வரட்டுமா என்று கேட்டார்கள். படகில் சாமான் ஏற்ற எந்த நாள் நல்லது என்று கார்லோ பொறுமையாக எடுத்துச் சொன்னான். இந்தக் கடையில் யாரும் யாரிடமும் அன்பாகப் பேசியதே கிடையாது. படகுக்கு நேரமாகிவிட்ட உல்லாசப் பயணிகளிடம்தான் இப்படிப் பேசுவார்கள். ஒருத்தரும் கிண்டல் செய்யவில்லை. ஒருத்தரும் எழுந்தருளச் சொல்லவில்லை. யால்மர் தட்டில் இருந்த கடைசி மீன் துண்டை அவனுக்கே விட்டுக்கொடுத்தான். பிரேபனுக்குப் பயம் வந்தது.

எழுந்து கழிப்பறைக்குப் போனான். வேறு எங்கே போவது? மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்தான். பாடத் தோன்றவில்லை. சுவரில் யாரோ கத்தியால் கீறிய பெயர்களை வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கதவு படாரென்று திறந்தது. சைக்கிள்காரன்.

"ஐயையோ, நீ உள்ள இருக்கியா? பாட்டே கேக்கலையே."

"பரவாயில்ல," என்றான் பிரேபன்.

"உனக்கும் இந்தச் சட்டம் தெரியாதா?" என்று அவன் சினேகமாகச் சிரித்தான். "நீயும் இந்த ஊருக்குப் புதுசா?"

பிரேபன் எழுந்து அவனுக்கு வழிவிட்டான். உள்ளே போன சைக்கிள்காரன் உடனே நல்ல பிள்ளையாகப் பாட ஆரம்பித்தான், குரலும் நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. கடைக்குள் திரும்ப மனம் வராமல் பிரேபன் பின்கதவைத் திறந்துகொண்டு காலிப் பீப்பாய்களுக்கு நடுவே முற்றத்தில் போய் நின்றான். மழை தலையில் கொட்டியது. தொப்பி கையில்தான் இருந்தது, போட்டுக்கொள்ள மறந்துவிட்டான்.

நீயும் இந்த ஊருக்குப் புதுசா. சைக்கிள்காரன் மேல் தப்பில்லை. குட்ரூன் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதானே பேசினாள். நீ என்பது படகிலிருந்து இறங்கும் எவனுக்கும் கிடைப்பது. சைக்கிளோடு வந்தாலும் கிடைக்கும், நாயோடு வந்தாலும் நாய்க்கும் சேர்த்துக் கிடைக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதே இல்லை. தாங்கள்தான் அப்படி இல்லை. அதைப் பிரேபனுக்காக அந்தக் கடை தினமும் ஞாபகம் வைத்திருந்தது, பேச்சுக்குப் பேச்சு நாக்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. கஞ்சி வாளியோடு வாசலில் நின்ற கார்லோவை நினைத்தான். அன்றைக்கு அவன் நீ என்று சொல்லியிருந்தால், இங்கெர் போனதோடு அதுவும் போயிருக்கும். எல்லாம் மாறிப்போன நாளில் ஒன்றை மட்டும் மாறாமல் கொண்டுவந்து வாசலில் வைத்தான் அந்தப் படுபாவி. அது தெரியாமல் இந்த மக்குப் பல் டாக்டர் இரண்டு வருஷமாக மனத்தாங்கலோடு திரிந்திருக்கிறான். பிரேபன் பீப்பாய்மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் அழுதான். மழையில் வசதியாக இருந்தது.

பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி நடந்து, துறைமுகப் பக்கம் வந்து, கோணப் பாய்மரத்தின் முன்வாசலில் நின்றான். உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. கதவைத் தள்ளினான். காற்றும் மழையும் அவனோடு சேர்ந்து உள்ளே வந்தன.

கார்லோவும் யால்மரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் இடத்துக்குத் திரும்பியிருந்த சைக்கிள்காரனும் பார்த்தான். குட்ரூன் முதுகைக் காட்டிக்கொண்டு அதே டம்ளரைத்தான் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள். பிரேபன் சொட்டச் சொட்ட நின்று, தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"அம்மணி, தாங்கள் தயவுகூர்ந்து எனக்கு ஒரு பியர் தர இயலுமா?"

குட்ரூனின் கை நின்றது. திரும்பவில்லை.

சைக்கிள்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன, நீ நாடகத்துல நடிக்கிறியா?" என்றான். "ஏன் இப்படிப் பேசுற நீ?"

"டேய் தம்பி," என்றான் கார்லோ. சத்தம் போடவில்லை, ஆனால் பகடைக் குவளையைக் கீழே வைத்துவிட்டான். "அவர நீன்னு சொல்லாத."

"ஏன், இவர் யாரு?"

கார்லோ யோசித்தான். இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"எங்க பல் டாக்டர்," என்றான். "நீன்னு சொல்லணும்னா என்னைச் சொல்லு, இந்த உருளைக்கிழங்கச் சொல்லு, ஊர்ல எவன வேணாலும் சொல்லு. தாங்கள்னு சொல்ல எங்களுக்கு இருக்கறது இவர் ஒருத்தர்தான். அதுல நீ வாய வைக்காத."

யால்மர் ஆமாம் என்று தலையாட்டினான். சைக்கிள்காரன் காப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். குட்ரூன் இப்போது திரும்பினாள். கண் சிவந்திருந்தது, புகை என்று சொல்லிக்கொள்ளலாம், இந்தக் கடையில் அது ஒரு வசதி.

"வீடு வித்தாச்சா?" என்று கேட்டாள். நீயும் போடவில்லை, தாங்களும் போடவில்லை.

"இன்னும் இல்ல. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"என்ன பதில்?"

"முடியாதுன்னு."

குட்ரூனும் கார்லோவும் யால்மரும் ஒரே நேரத்தில் அவனுடைய காதைப் பார்த்தார்கள். சிவக்கவில்லை. குளிரில் வெளுத்துப்போய் அப்படியே இருந்தது.

குட்ரூன் டம்ளரில் பியரை நிரப்பி, நுரை அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்து, ஜன்னலோர மேசையில் அவனுடைய இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்தாள். நிமிர்ந்து நேராகக் கண்ணைப் பார்த்தாள்.

"தாங்கள் ஒரு வடிகட்டின முட்டாள்," என்றாள். "கதவச் சாத்துங்க, குளிருது."

அவர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினார்.